கோப்பை தூக்கும் நல்லசாமி

ரொட்டியைக் குப்புறக் கவிழ்த்து, அதன் முதுகில் விரலால் சுண்டி, காதை அருகே கொண்டுபோய்க் கேட்கிறார் நல்லசாமி. முகம் சுளிக்கிறது. "ஏலே, வெளிய செவந்துட்டு உள்ள பச்சையா இருக்கியே. நம்ம சபை ஆளுதான் நீ" என்று அதைக் கடிந்து, மறுபடியும் அடுப்புக்குள் தள்ளுகிறார். அதே சபையைச் சேர்ந்த நான் ரொட்டி வாங்க எதிரில்தான் நிற்கிறேன். அவருக்கு அது ஒரு பொருட்டல்ல.

கோடைக்கானல் ஏழு ரோட்டுச் சந்திப்புக்குக் கீழே அவருடைய தகரக்கூரைக் கடை. முன்பு ஒரு மிஷனரி வீட்டில் இருபது வருஷம் சமையல்காரர். அவர்கள் ஊருக்குக் கப்பலேறியபோது அவருக்கு விட்டுச் சென்றவை இரண்டு: ஒரு இரும்பு அடுப்பு, 'ரைட்டோ' என்ற சொல். சரி என்பதற்கும் ரைட்டோதான், முடியாது என்பதற்கும் ரைட்டோதான், போய் வேலையைப் பாரும் என்பதற்கும் அதுவேதான். தலையில் எப்போதும் ஒரு கம்பளிக் குல்லா. சூடான தட்டை வெளியே இழுக்கும்போது மட்டும் அதைக் கழற்றிக் கைப்பிடித் துணியாக வைத்துக்கொள்வார். வேலை முடிந்ததும் ஆவி பறக்கும் குல்லா மறுபடி தலைக்குப் போகும். "மண்டைக்கு எதமா இருக்கும் சார். ஒருநா போட்டுப் பாருங்க."

போன வருஷம் என் மனைவி இறந்தபோது சபையார் எல்லாரும் வந்து எனக்கு ஆளுக்கொரு வசனம் சொன்னார்கள். நல்லசாமி ஒரு ரொட்டியை மேஜைமேல் வைத்தார். "நாளைக்கு இது காஞ்சிரும் சார். இன்னைக்கே தின்னுருங்க" என்றார். எனக்கு நினைவிருக்கும் ஆறுதல் அது ஒன்றுதான்.

எங்கள் மெதடிஸ்ட் சபை முற்போக்கான சபை. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். மாதம் ஒரு தீர்மானம் போடுகிறோம். அமெரிக்காவின் தென்பகுதியில் பஸ்களில் கறுப்பு மக்களுக்குத் தனி இடம் என்று கேள்விப்பட்டதும் ஒருமனதாகக் கண்டித்து, கண்டனத்தைக் கப்பல் தபாலில் அனுப்பினோம். அதை வாசித்தபோது எங்கள் சமூக நீதிக் குழுத் தலைவர் அடைக்கலராஜுக்குக் குரல் தழுதழுத்தது. அவர் ஒரு மாணவர் விடுதியின் மேற்பார்வையாளர்; விடுதிக்கு ரொட்டி நல்லசாமி கடையிலிருந்துதான். சும்மா சொல்லக்கூடாது, குழு வேலையும் செய்திருக்கிறது. பஜார்க் கக்கூஸ்களைச் சுத்தம் செய்யும் தொழிலாளர்களுக்கு ரப்பர் பூட்ஸ் வேண்டுமென்று இரண்டு வருஷம் மனுப் போட்டு வாங்கிக் கொடுத்தது. அந்தப் பூட்ஸோடு பொன்னுத்தாய் எங்கள் கோயிலுக்கே நடந்து வந்து ஞானஸ்நானம் கேட்பார் என்பதை மட்டும் குழு எதிர்பார்க்கவில்லை. "காலைப் பாத்துப் பூட்ஸு குடுத்த சாமி. அது யாருன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார். ஈஸ்டரன்று ஞானஸ்நானம் ஆயிற்று. எல்லாரும் கைதட்டினோம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்களுக்கு அன்பின் விருந்து. பெயரைக் கேட்டு இலை போட்டுவிட வேண்டாம். ஆளுக்கொரு பன், எல்லாருக்கும் சேர்த்து ஒரே கோப்பையில் பச்சைத் தண்ணீர், அவ்வளவுதான். இரண்டு காது வைத்த, முக்கால் படி பிடிக்கும் கோப்பை அது. ஒருவர் ஒரு மிடறு குடித்து அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். நாம் எல்லாரும் ஒரே குடும்பம் என்பது பொருள். ஒரு விருந்துக்கு ஒரு தடவைதான் நிரப்புவது. பன் சுடுவதும், கோப்பையை நிரப்பி முன் பெஞ்சில் தொடங்கிக் கூடவே நடப்பதும் பதினெட்டு வருஷமாக நல்லசாமி.

ஜூலை விருந்தில் பொன்னுத்தாய் பெண்கள் பக்கம் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்தார். முறை வந்தபோது குடித்தார். அவருக்குப் பின்னால் இருந்த பதினோரு பேருக்கும் அந்தக் கணமே இருமல் வந்து, கோப்பை வாயில் படாமலே கைமாறியது. மலைக்குளிர் அப்படி.

அக்டோபர் விருந்தன்று ஆராதனைக்கு முக்கால் மணி முன்பே இரண்டு பக்கமும் முதல் இரண்டு பெஞ்சுகள் நிரம்பிவிட்டன. ஆறு பேர் உட்காரும் இடத்தில் பத்துப் பேர் நெருக்கினார்கள். கடைசித் தூணுக்குப் பின்னால் தூங்குவதற்கென்றே கோயிலுக்கு வருகிறவர்கள்கூட முன்னால் வந்து விழித்திருந்தார்கள். போதகர் சென்னையிலிருந்து புதிதாக வந்தவர். சபையில் பக்தி பெருகி எழுப்புதல் உண்டாகிவிட்டது என்று கண்கலங்கி, பேராயருக்குக் கடிதமும் எழுதிவிட்டார். எழுப்பப்பட்டவர்களில் நானும் ஒருவன். முதல் பெஞ்சில், ஜன்னலோரம். வழக்கமாக ஒரு மிடறு குடிக்கிறவர்கள் அன்று தாகம் தீரக் குடித்தார்கள். கோப்பை மூன்றாம் பெஞ்சுக்கு வந்தபோது காய்ந்திருந்தது. பொன்னுத்தாய் அதற்குள் எட்டிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த மகள் கண்மணியும் எட்டிப் பார்த்தாள்.

வெளியே வாசலில் பன் தட்டைக் கழுவிக்கொண்டிருந்த நல்லசாமியிடம் வந்து நின்றார் பொன்னுத்தாய்.

"அண்ணே, அடுத்த வாட்டியும் காலியாத்தான் வருமா? வரும்னா இப்பவே சொல்லிருங்க. வெறுஞ் சட்டியப் பாக்கவா வெள்ளனே எந்திரிச்சுக் குளிச்சு வாறோம்? அடுத்து இந்தப் பிள்ளையவும் சபையில சேக்கணும்ங்கறாரு போதகரு. அடுத்த விருந்தப் பாத்துட்டுத்தான் முடிவு. தண்ணி வந்தா இருக்கோம். இல்லையா, எங்க சோலியப் பாத்துட்டுப் போறோம்."

"ரைட்டோ" என்றார் நல்லசாமி. அது எந்த ரைட்டோ என்று எனக்கு விளங்கவில்லை.

சென்ற சனிக்கிழமை, அதாவது ஜனவரி விருந்துக்கு முந்தின நாள், அடைக்கலராஜ் கடைக்கு வந்தார்.

"நல்லசாமி, நாளைக்கு முறை மாறாமப் பாத்துக்கிரும். முன்னாலருந்து வந்தாத்தான் ஒரு ஆர்டரா இருக்கும்."

"அந்தப் பிள்ளைக்குத் தண்ணி எட்டலையே சார்."

"எட்டும், எட்டும். கமிட்டியில வச்சுப் பேசி ஒரு தீர்மானம் போட்டுருவோம். இதெல்லாம் வெரசா செய்யிற காரியமா?" போகிறபோக்கில் திரும்பி நின்றார். "ஆமா, ஹாஸ்டலுக்கு ரொட்டி நாங்க தாறோம்னு ரெண்டு பேரு வந்து கெடக்கான். நாந்தான் ஒமக்காகப் பிடிச்சு வச்சிருக்கேன்."

"ரைட்டோ சார்."

ஞாயிறன்றும் எழுப்புதல் குறையவில்லை. முன் பெஞ்சுகளில் ஊசி நுழைய இடமில்லை. பன் கொடுத்து முடிந்தது. நல்லசாமி நிறைகோப்பையோடு வந்தார், முதல் பெஞ்சைத் தாண்டினார், இரண்டாவதையும் தாண்டினார்.

"நல்லசாமி, ஸ்டார்ட்டிங் இங்க!" அடைக்கலராஜ் பாதி எழுந்தார்.

"நீங்க எங்க ஓடிறப் போறீங்க சார்? வாறேன், இருங்க."

பொன்னுத்தாய் குடித்தார். கண்மணி குடித்தாள். அதன்பின் கோப்பை சபையைச் சுற்றி வந்தது. ஒரு அம்மாளுக்குப் பல் கூச்சம். ஒருவருக்குப் பச்சைத் தண்ணீர் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாயில் பாதி பன்னோடு ஒருவர், தாம் உபவாசம் என்றார். அடைக்கலராஜ் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்து, கண்ணை மூடி, நெடுநேரம் ஜெபித்து, அடுத்தவரிடம் கொடுத்தார். அது நல்ல வழியாகத் தோன்றவே, பிறகு எல்லாரும் ஜெபித்தார்கள். போதகர் தொடக்கத்திலிருந்தே கண்ணைத் திறக்கவில்லை. என் கைக்கு வந்தபோது கோப்பை கனத்தது. உதட்டையாவது நனைத்தேன் என்று எழுத ஆசைதான். நனைக்கவில்லை.

பொன்னுத்தாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"செத்த இரு தாயி" என்றார் நல்லசாமி.

கோப்பையைத் தூக்கிக் குடிக்கத் தொடங்கினார். வெளியே புல்லெல்லாம் உறைபனி வெளுத்திருந்த காலை அது. தொண்டை ஏறி ஏறி இறங்கியது. நடுவில் ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினார். பல் கிட்டி, கண்ணில் நீர் வந்துவிட்டது. யாரோ "போதும்யா" என்றார்கள். அவர் கேட்கவில்லை. நாற்பது பேருக்கான தண்ணீரை ஒரே ஆளாகக் குடித்து முடித்தார். பொன்னுத்தாய் மகளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

நல்லசாமி மூலையில் இருந்த பானையிடம் போனார். மொண்டு மொண்டு கோப்பையை விளிம்புவரை நிரப்பினார். தண்ணீர் தளும்பாமல் மெல்ல நடந்துவந்து, மூன்றாம் பெஞ்சிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார்.