ஒரே கம்பெனி ஜோடி

நெல்லித்தோப்பு பக்கிரி மொட்டைமாடிகளின் மனிதர். புதுச்சேரியில் யார் வீட்டில் சோலார் தகடு ஏறினாலும் அதற்கு ஒயர் கோக்கத் தன்னைத்தான் கூப்பிட வேண்டும் என்பது அவருடைய தாழ்மையான எண்ணம். ஒயரோடு ஒயரை இணைக்கும் கனெக்டர் விஷயத்தில் ஜோசியரைவிடக் கறார். கனெக்டரில் ஆண் உண்டு, பெண் உண்டு. ஆண் எந்தக் கம்பெனியோ பெண்ணும் அதே கம்பெனியாக இருக்க வேண்டும். வேறு கம்பெனியை மாட்டினாலும் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளத்தான் செய்யும். ஆனால் உள்ளே சரியாகத் தொடாமல் சூடேறி, ஒருநாள் உருகிப் பற்றிக்கொள்ளும். வீட்டை எதிர்த்துக் காதல் கல்யாணம் செய்துகொண்ட பக்கிரி, கனெக்டர்களுக்கு மட்டும் அந்த உரிமையை வழங்கியதில்லை.

ஒரே ஒருமுறை வழங்கினார். ரெட்டியார்பாளையத்தில், இட்லி மாவு அரைத்து விற்கும் செல்வாம்பாள் வீட்டில்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. தகடுகளுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாயிற்று, கற்பூரம் காத்திருந்தது. கடைசி இணைப்புக்குப் போய்ப் பார்த்தால் பெண் கனெக்டர் தீர்ந்திருந்தது.

“பத்தரைக்கு ராகுகாலம் பொறந்துடும் பக்கிரி! அங்க இன்னா கோலமா போடற?” என்று கீழிருந்து செல்வாம்பாள் கூவினார்.

பையின் அடியில் ஊர் பேர் தெரியாத ஒன்று கிடந்தது. பக்கிரி ஒயரைச் சீவினார், உலோகப் பின்னை வைத்து நசுக்கினார், மாட்டினார். டக். நாளைக்கு மாற்றிவிடலாம் என்று மனசாட்சியிடம் வாய்தா வாங்கினார். கீழே கிரைண்டர் சுற்றியது. செல்வாம்பாள் தட்டில் வேட்டி வைத்து மரியாதை செய்தார்.

நாளைக்கு வேறு மாடி, அதற்கு மறுநாள் இன்னொரு மாடி. வாய்தா வளர்ந்துகொண்டே போயிற்று. அந்த இணைப்புக்குக் கைக்கெட்டும் தூரத்தில், மாடியிலேயே ஒரு கீற்றுக் கொட்டகை. மதியத்தில் செல்வாம்பாளின் மருமகள் கைக்குழந்தையை அங்கேதான் தூங்கவைப்பாள். இந்தத் தகவலைப் பக்கிரியின் மூளை சாப்பாட்டு வேளையில் மட்டும் தவறாமல் எடுத்து வைத்தது. போதாததற்கு, நன்றி மறக்காத செல்வாம்பாள் வாரம் தவறாமல் மாவு அனுப்பிவைத்தார்.

“பஞ்சு மாரி இருக்குது இட்லி. அதுல இன்னா கொற கண்ட?” என்றாள் மனைவி அஞ்சலாட்சி.

“இட்லி மேல கொற இல்ல” என்று தட்டை நகர்த்தினார் பக்கிரி.

தெருவில் தீயணைப்பு வண்டி மணியடித்தால் ஸ்கூட்டரை ஓரங்கட்டி, அது ரெட்டியார்பாளையம் பக்கம் திரும்புகிறதா என்று பார்ப்பார். அப்படிப் பார்த்த ஒருநாள் வண்டி அந்தப் பக்கமே திரும்பியது. பக்கிரி பின்னாலேயே பறந்தார். அது செல்வாம்பாளின் தெருவைத் தாண்டி எங்கோ போய்விட்டது. பக்கிரியால் தாண்ட முடியவில்லை.

மாடியேறித் தொட்டார், விரல் சுட்டது. கனெக்டரின் ஒரு பக்கம் பழுப்பேறியிருந்தது. சுவிட்சை அணைத்து, இரண்டையும் வெட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரே கம்பெனி ஜோடியை மாட்டினார். கொட்டகைக்குள் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“கூப்புடாமலே வந்து பாத்துட்டுப் போற. உன்ன மாரி ஆளு எங்க கெடைப்பான்? இந்தத் தெருவுல நாலு வூட்டுக்கு உன்னத்தான் சொல்லி வுட்டு தகடு ஏத்த வச்சேன்” என்று கீழே இறங்கியவரிடம் மோர் நீட்டினார் செல்வாம்பாள்.

பேசாமல் மோரைக் குடித்துவிட்டுப் போயிருக்கலாம். கை கேட்கவில்லை, சட்டைப் பையிலிருந்து பழுப்பேறியதை எடுத்து நீட்டிவிட்டது.

“ஜோடி மாத்திப் போட்டுட்டன்கா. வுட்டிருந்தா பத்திக்கினு எரிஞ்சிருக்கும்.”

“தெரியாம போட்டியா?”

“தெரிஞ்சேதான்.”

செல்வாம்பாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கொட்டகை இருந்த திசையைப் பார்த்தார். திட்டு வரும் என்று பக்கிரி தலையைக் குனிந்து தயாராக நின்றார். வரவில்லை.

“இத்தினி நாளும் என் மாவத் தின்னியே, எப்பிடிடா எறங்குச்சி?”

“எறங்கலக்கா.”

“நான் சொல்லி வுட்ட நாலு வூடு?”

“அங்கல்லாம் ஒரே கம்பெனிதான்கா. சத்தியமா.”

“உன் சத்தியத்த நீயே வச்சிக்க.” செருப்பை மாட்டிக்கொண்டார். “நட.”

பக்கத்து வீட்டு மாடியில், நல்ல வெயிலில், சுவிட்சை அணைத்துவிட்டு, ஒரு பாவமும் அறியாத ஜோடி ஒன்றைப் பக்கிரி பிரித்து நீட்டினார். செல்வாம்பாள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டிலும் இருந்த கம்பெனி எழுத்தை நிதானமாக ஒப்பிட்டார்.

“ம். அடுத்தது.”