மாசுங்கு பார்த்து வைத்த ஹோட்டல்

டர்பனுக்குக் கடல் பார்க்கப் போகிறவர்கள் எங்கள் லேடிஸ்மித்தில் முதலில் என் அண்ணியின் கதவைத்தான் தட்டுவார்கள். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் போதும், வாசலில் ஒரு கூட்டம். "மாசுங்கு, பிள்ளைங்க கடற்கரைத் தண்ணிப் பூங்காவுக்குப் போகணும்னு உயிரை எடுக்குதுங்க. பக்கத்துல எந்த ஹோட்டல் நல்லது?" என்று கேட்பார்கள். சுங்கு குலத்தில் பிறந்தவள் என்பதால் ஊருக்கே அவள் மாசுங்கு. ஃபிகெலேபி என்று ஒரு பெயர் இருப்பது அவளுக்கே மறந்துபோயிருக்கும்.

கடற்கரை ஹோட்டல்களில் பதினொரு வருஷம் அறை சுத்தம் செய்தவள். எந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் பாதியில் நிற்கும், எந்த மாடியில் வெந்நீர் எட்டாது என்பதெல்லாம் அவளுக்கு விரல்நுனியில்.

"அஞ்சு நிமிஷ நடைன்னு சொன்னானா? யார் காலுக்கு அஞ்சு நிமிஷம்னு கேட்டியா? உன் பிள்ளை காலுக்கா, அவன் முதலாளி காருக்கா?" என்பாள். "கடல் தெரியும்னு சொன்னா, ஜன்னல்ல இடுப்பு வரைக்கும் வெளியே தொங்கினா தெரியும்னு அர்த்தம். மெத்தையைக் கண்ணால பார்க்காதே, முஷ்டியால குத்திப் பாரு. திரைச்சீலையை மோந்து பாரு."

இவ்வளவு தெரிந்தவள் அந்தக் கட்டில் ஒன்றில்கூட ஒரு ராத்திரி படுத்ததில்லை. குனிந்து விரித்ததோடு சரி.

என் அண்ணன் தங்கச் சுரங்கத்துக்குப் போய் இருமலோடு திரும்பி, அந்த இருமலிலேயே போய்ச் சேர்ந்தான். அப்போது அவர்கள் மகன் மென்சிக்கு மூன்று வயது. மாசுங்கு வேலைக்காக டர்பன் போனாள். பையன் என் வீட்டில் வளர்ந்தான். நான் ரயில்வேயில் சிக்னல் பார்த்தவன். சோறு போட்டேன், பள்ளிக்கு அனுப்பினேன், மற்ற நேரமெல்லாம் திட்டினேன். வேறு விதமாகப் பேச எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மாதத்துக்கு ஒருமுறை அவள் வருவாள். பை கீழே இறங்குவதற்குள் அவன் கேட்பான். "அம்மா, அந்தப் பூங்காவுக்கு எப்போ போறோம்? சிவப்புக் குழாய்ல சறுக்கி தண்ணியில விழுவாங்களாமே? நாம எந்த ஹோட்டல்ல தங்குவோம்?"

"நல்ல ஹோட்டலா பார்த்துக்கிட்டிருக்கேன்டா."

அது சாக்கு என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். விடுமுறை நாளில்தான் ஹோட்டலில் ஆள் நிறையும், அப்போது அவளுக்கு லீவு கிடைக்காது. மற்ற நாளில் அவனுக்குப் பள்ளி. பன்னிரண்டு வயதில் அவன் கேட்பதை நிறுத்தினான். அவள் வேலையை விட்டு ஊருக்கே திரும்பியபோது அவனுக்குப் பதினாலு. அந்த வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு எவன் பூங்காவுக்குப் போவான்? பத்தொன்பதில் வேலை தேடி டர்பனுக்குக் கிளம்பும்போது மட்டும் சிரித்தான். "இன்னும் பார்த்து முடியலையாம்மா? இருங்க, நானே போய்ப் பார்க்கிறேன்." கடற்கரையோரம் நிறுத்தும் கார்களுக்குக் காவல் நிற்கும் வேலை கிடைத்தது. பூங்காவின் மதில் ஓரமாகத்தான் நின்றான். உள்ளே போனதில்லை.

ஊரடங்கு வந்த வருஷம், ஜூலையில் காய்ச்சல் அவனைப் பிடித்தது. ஆஸ்பத்திரிக்குள் யாரையும் விடவில்லை. நான்காம் நாள் பெட்டி வந்தது, திறக்கக் கூடாது என்ற உத்தரவோடு. அரை மணி நேரத்தில் புதைத்து முடித்தோம்.

எங்களில் ஒருவர் வெளியூரில் இறந்தால், இறந்த இடத்துக்கே இலந்தைக் கிளையோடு போய், பேர் சொல்லி எழுப்பி, வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். உடல் தனியாக வரலாம், ஆள் தனியாக வர மாட்டான். அந்த வருஷம் எங்களால் அதைச் செய்ய முடியவில்லை. உடம்பை வாங்கிப் புதைத்துவிட்டு மென்சியை அங்கேயே விட்டுவிட்டோம். அதற்குப் பிறகு அண்ணிக்குக் கனவு வர ஆரம்பித்தது.

"தெருவுல நிக்கிறான் ஷாண்டு," என்பாள். அது எங்கள் ம்பாத்தா குலத்தின் புகழ்ப்பெயர். அதைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவாள். "கையில பை. ஹோட்டல் ஹோட்டலா அண்ணாந்து பார்க்கிறான். எந்த ஹோட்டல், அம்மான்னு கேட்கிறான்."

"கனவுல ஹோட்டலா? மாசுங்கு, நீங்க அந்த வேலையை விட்டாலும் அது உங்களை விடல," என்று நான்தான் கிண்டல் செய்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வருஷம் கழித்துக் குடும்பம் கூடிப் பேசி, கிளையை நான் கொண்டுவருவது என்று முடிவாயிற்று. ஆண்பிள்ளை செய்கிற காரியம். மாசுங்கு ஒரே போடாகப் போட்டாள். "இவர் குரல் கேட்டா என் பிள்ளை கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்குவான். நான்தான் கூப்பிடுவேன்." அவளைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முள் தைத்தது எனக்கு மட்டும்தான். கடைசியில் அவள் கிளையைத் தூக்குவது, நான் துணைக்குப் போவது என்று ஆயிற்று.

துணை கட்டாயம் வேண்டும். கிளையைச் சுமப்பவர் இறந்தவரோடு மட்டும்தான் பேசலாம். வழி கேட்பது, வண்டி பிடிப்பது எல்லாம் துணைக்கு வந்தவர் பாடு. வேறொருவரிடம் வாய் திறந்தால் வருகிறவன் வழியிலேயே தவறிப்போவான்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டிலில் இப்போது வேறு யாரோ படுத்திருந்தார். கிளையைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் காலை மடக்கி இடம் விட்டார். நர்ஸ் திரையை இழுத்துவிட்டுப் போனாள். மாசுங்கு கிளையால் கட்டிலைத் தொட்டாள். "மென்சி, எழுந்திருடா. அம்மா வந்திருக்கேன். அன்னைக்கு உள்ளே விடல."

வெளியே வந்ததும் நான் வண்டி நிலையத்தின் பக்கம் திரும்பினேன். அவள் எதிர்ப்பக்கம் திரும்பினாள்.

"மென்சி, சித்தப்பா வழி தெரியாம போறார். நாம கடல் பக்கம் போறோம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "மாசுங்கு, இது விளையாட்டில்ல. கிளை நேரா வீட்டுக்குப் போகணும். செத்தவனை உல்லாசப் பயணம் கூட்டிட்டுப் போன குடும்பம்னு நம்மைச் சொல்லணுமா? பையன் தவறிப்போனா யார் பொறுப்பு?"

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "சித்தப்பா கத்துறார். காலையில இருந்து சாப்பிடல, பாவம். ஒரே ஒரு ராத்திரிதான் மென்சி. தங்கிட்டு வீட்டுக்குப் போயிடலாம்."

பதில் சொல்ல முடியாத பெண்ணோடு எத்தனை நேரம் சண்டை போடுவது? பின்னாலேயே போனேன்.

முதல் ஹோட்டலில் வரவேற்பில் இருந்த பெண், "பூங்கா பார்த்த அறை இருக்கு பாபா," என்று, அப்பாவைக் கூப்பிடுவது போல என்னைக் கூப்பிட்டு, மேலே கூட்டிப் போனாள். ஜன்னலில் கடல் இருந்தது, கப்பல்கூட இருந்தது. எனக்குப் போதும் என்று பட்டது. பின்னால் முணுமுணுப்பு.

"மென்சி, உனக்குச் சிவப்புக் குழாய் தெரியுதா? எனக்குத் தெரியல. சித்தப்பாவை ஏமாத்துறாங்க."

"குழாய் தெரியணும்மா," என்றேன் அந்தப் பெண்ணிடம், ஏதோ எனக்கே சறுக்க ஆசை போல.

இரண்டாவது ஹோட்டலில் குழாய் தெரிந்தது. மாசுங்கு ஒற்றைக் கையால் ஜன்னலைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. "இது திறக்காது மென்சி. பிள்ளைங்க கத்துறது கேட்காது. அது கேட்காம என்ன பூங்கா?" திரைச்சீலையை மோந்தாள். "போன மழையில நனைஞ்சது, இன்னும் காயல." ஊருக்கெல்லாம் சொன்னதை ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தாள். வாழ்க்கை முழுக்க மற்றவர்களுக்காகப் பார்த்தவள் முதல்முறையாகத் தன் பிள்ளைக்கு ஹோட்டல் பார்க்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு நான் முணுமுணுக்கவில்லை.

மூன்றாவது பழைய கட்டிடம். மேசையில் நரைத்த மனிதர் ஒருவர். "எத்தனை பேர்?" என்றார்.

"அவங்களுக்கு ரெண்டு கட்டில் போட்ட அறை. எனக்குப் பக்கத்துல தனியா ஒண்ணு."

அவர் அவளைப் பார்த்தார், பின்னால் யாரையும் காணாமல் கதவைப் பார்த்தார், பிறகு கிளையைப் பார்த்தார். எழுந்து தொப்பியைக் கழற்றினார். உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "கூட வந்தவர் பேர் என்ன பாபா?" என்று கேட்டார்.

"மென்சி ம்பாத்தா," என்றேன்.

அதைப் பதிவேட்டில் பெரிய எழுத்தில் எழுதினார்.

நான்காவது மாடி. ஜன்னல் திறந்தது. நேர் எதிரே சிவப்புக் குழாய் வளைந்து வளைந்து இறங்கியது. மாசுங்கு ஜன்னலோரக் கட்டிலை முஷ்டியால் குத்திப் பார்த்தாள். கிளையைத் தலையணையில் சாய்த்துப் போர்வையை இழுத்துவிட்டாள். "இதுதான்டா," என்றாள்.

சாயங்காலம் பன் ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் குழம்பு ஊற்றித் தருவார்களே, அதில் மூன்று வாங்கி வந்து இரண்டை அவளிடம் கொடுத்துவிட்டு என் அறையின் பால்கனியில் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு தடுப்புதான். அவள் பேசுவது கேட்டது.

"கடைசி நாள் அந்த நர்ஸம்மா போனை உன் காதுல வைச்சாங்க இல்ல? உனக்குப் பேச முடியல, மூச்சு மட்டும் கேட்டுச்சு. என்ன சொல்றதுன்னு தெரியாம, ஹோட்டல் பார்த்துட்டேன்டா, எழுந்து வா, போலாம்னு சொல்லிட்டேன். பொய்டா. நான் பார்க்கவே இல்ல. எந்த ஹோட்டல்னு சொல்றதுக்குள்ள போனை எடுத்துட்டாங்க. அதை நம்பித்தானே ரெண்டு வருஷமா பையைத் தூக்கிட்டுத் தெருவுல நிக்கிற?"

நான் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். அவனுக்குப் பத்து வயது இருக்கும்போது எங்கள் சபையின் பேருந்து ஒன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இதே பூங்காவுக்கு வந்தது. முந்தின நாள் அவன் ஆடுகளைப் பக்கத்துக் கொல்லை மக்காச்சோளத்தில் மேய விட்டுவிட்டான். போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பேருந்து போன பிறகும் சாலையிலேயே நின்றான். அந்த மக்காச்சோளம் அடுத்த வருஷமே மறுபடி விளைந்தது.

காலையில் ஒன்பது மணிக்குப் பூங்கா திறந்தது. நான் அவள் அறைக்குப் போனேன். குழாயில் முதல் குழந்தை அலறிக்கொண்டு இறங்கியது. அவள் கிளையை ஜன்னலில் உயர்த்திப் பிடித்திருந்தாள். "பாரு, பாரு... விழுந்துட்டான்! அடுத்தது ஒரு பெண் குழந்தை." சிரித்தாள். இரண்டு வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பத்து மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். அவள்தான் சொல்ல வேண்டும்: எழுந்திரு மென்சி, வீட்டுக்குப் போகலாம் என்று. சொல்லாமல் கிளம்பினால் அவன் அங்கேயே தங்கிவிடுவான்.

அவள் சொல்லவில்லை. கிளையை நாற்காலியில் வைத்துவிட்டு அவன் படுக்கையை விரித்தாள். மூலைகளை மடித்து, ஒரு சுருக்கம் இல்லாமல், பதினொரு வருஷப் பழக்கம். முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரே இழுப்பில் கலைத்தாள். மறுபடி விரித்தாள். மறுபடி கலைத்தாள். மூன்றாவது முறை கலைத்தபோது சுத்தம் செய்கிற அம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். அவளுக்கும் மாசுங்கு வயதிருக்கும். கிளையைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். கிளை சுமப்பவளிடம் பேசக் கூடாது என்று தெரிந்து என்னிடம் சொன்னாள்.

"பாபா, அவங்களை அந்தப் படுக்கையை அப்படியே விடச் சொல்லுங்க. நான் அந்தக் கோடியில இருந்து ஆரம்பிச்சு இந்த அறைக்குக் கடைசியா வரேன். அதுவரைக்கும் அது தம்பி படுக்கைதான்."

மாசுங்கு போர்வையைக் கையிலிருந்து விட்டாள். கிளையை எடுத்துக்கொண்டாள். பிறகு கிளையிடம் சொன்னாள், "மென்சி, என்னால முடியலடா. சித்தப்பா கூப்பிடுவார். பயப்படாதே, திட்ட மாட்டார்."

முறை தவறிய காரியம். ஆனாலும் கூப்பிட்டேன். "மென்சி, எழுந்திரு கண்ணு. வீட்டுக்குப் போலாம். உன்னை அந்த பஸ்ல அனுப்பியிருக்கணும். தப்பு என்னோடதுதான்." அந்தப் பையனைக் கண்ணு என்று நான் கூப்பிட்டது அது ஒன்றுதான்.

வண்டியில் மூன்று இருக்கைக்குக் காசு கொடுத்தேன். ஓட்டுநர் நடு இருக்கையைத் துடைத்து விட்டார். வழியெல்லாம் அவள் சொல்லிக்கொண்டு வந்தாள், இது ம்கேனி ஆறு, இது மூயி ஆறு, துகேலா வருது, அம்மா கையைப் பிடிச்சுக்கோ என்று. வீட்டுக்கு வந்து வட்டக் குடிசையின் பின்கோடியில், முன்னோர்கள் இருக்கும் இடத்தில், கிளையை வைத்தோம்.

இப்போதும் விடுமுறைக்கு ஹோட்டல் கேட்டு வருகிறார்கள். அந்த மூன்றாவது ஹோட்டலைத்தான் சொல்கிறாள், நான்காவது மாடி என்று.

போன வாரம் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். "ஷாண்டு, அவன் கனவுல வர்றதில்ல."

"வந்து சேர்ந்துட்டான், அதான். நிம்மதியா இருக்கான். அதுக்குத்தானே போனோம்?"

"அதுக்குத்தான் போனோம்," என்றாள். "கனவுல அவன் தெருவுல நின்னப்போ தினமும் முகத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன்."