உமாபதியின் முப்பத்தெட்டு கிராம்

ஜுனைத் ஜும்ஆ தொழுகைக்குப் போன நேரமாகப் பார்த்துத்தான் உமாபதி அவனுடைய பைக் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். ஜுனைத்தின் தங்கை ஆஷிஃபா மேசையில் வேலைச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் இல்லீங்களே அங்கிள்."

"தெரியும்மா. அதனாலதான் வந்தேன். சர்வீஸுக்கு விடறதுக்கு முன்னாடி இருநூத்தி அறுபத்திரண்டு கிராம். நேத்து வண்டிய எடுத்துக்கினு போய்ப் பார்த்தா இருநூத்தி இருபத்திநாலு."

"எது அங்கிள்?"

"சைலன்சர் உள்ளாற ஒரு குழாய் இருக்குதே, அது. முப்பத்தெட்டு கிராம் குறையுது."

"அதைப் போய் எடை போட்டீங்களா?"

"ஒரு போல்ட்டுதானே, நானே கழட்டிட்டேன். என் வீட்ல நான் எடை போடாதது எங்க வீட்டம்மா காவேரியை மட்டுந்தான். அவ ஏற மாட்டேன்னுட்டா."

ஆஷிஃபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அண்ணன் கரி சுரண்டியிருக்கும் அங்கிள். கரி போனா எடை குறையும். பட்டு நூலைப் பசை போகக் காய்ச்சினா எடை குறையுதே, அந்த மாதிரி."

"பட்டுக்குக் கணக்கு இருக்குது. நூறுக்கு இருபத்தஞ்சு போகும். அதுக்கு மேல போச்சுன்னா எவனோ கை வச்சிருக்கான்னு அர்த்தம். உன் கரிக்கு என்னம்மா கணக்கு?"

ஆஷிஃபா கையிலிருந்த சீட்டுகளை மேசையில் வைத்தாள்.

"சத்தமும் மாறிப்போச்சு. பொறுமையா பேசிக்கினு இருந்த வண்டி, இப்போ வெடுக்குனு பேசுது. பாய் குழாயை மாத்திட்டாரு. பழைய ஒரிஜினலுக்கு இன்னிக்கு என்ன கிராக்கின்னு எனக்குத் தெரியாதா?"

"ரெண்டு நாள் குடுங்க. பார்த்துச் சொல்றேன்" என்றாள்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் முப்பத்தோரு வருஷமாக எடை பார்ப்பவர் உமாபதி. நெசவாளிக்குப் பட்டும் ஜரிகையும் நிறுத்துக் கொடுப்பார். சேலையாகத் திரும்பி வரும்போது நிறுத்து வாங்குவார். தராசின் எண்ணைவிட எதிரில் நிற்பவரின் கண்களைத்தான் அதிகம் பார்ப்பார். கடையில் கற்ற பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. தக்காளி வாங்கி வந்தால் மறுபடி ஒருமுறை எடை. பெட்ரோல் போட்டால், பங்க் ஆள் கையை எடுக்கும்வரை குழாயிலிருந்து பார்வை நகராது. அவருடைய வண்டி தொண்ணூற்று நாலாம் வருஷத்து நூறு சிசி டூ ஸ்ட்ரோக். இழுவை குறைந்து, தெருவே மறையும்படி புகை விட்டதால்தான் அதை ஜுனைத்திடம் விட்டிருந்தார்.

அவர் கிளம்பிய பிறகு ஆஷிஃபா செய்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பின்கட்டில் இருந்த பழைய இரும்புப் பெட்டியைக் கவிழ்த்து, ஒவ்வொரு சாமானாகப் பார்த்தாள். குழாய் இல்லை. அதனால் மனம் சமாதானமாகவில்லை. விற்றிருந்தால் பெட்டியில் எப்படி இருக்கும்? போன வாரம் அண்ணன் போனில், "பழசுதான், ஆனா ஒரிஜினல். வந்து எடுத்துக்கோ" என்று யாரிடமோ சொன்னது காதில் மறுபடி கேட்டது. அன்று ராத்திரி அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "என்ன ஒரு மாதிரி பாக்கற?" என்றான். "ஒண்ணுமில்ல" என்றாள். நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டு, அவன் இல்லை என்று சொல்லி, அதையும் நம்ப முடியாமல் போய்விட்டால்? அந்தப் பயம்தான் வாயை அடைத்தது.

மறுநாள் உமாபதிக்குப் போன் செய்தாள். "இதே மாடல் வண்டி இன்னொண்ணு வேணும் அங்கிள். எங்க ஒர்க்‌ஷாப் பக்கமே வராத வண்டி."

பட்டுக்கடையில் டெலிவரிக்குப் போகும் வசந்திடம் அப்படி ஒன்று இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் பின்னால் இருந்த முற்றத்தில் மூவரும் கூடினார்கள். ஆஷிஃபா ஸ்பேனரைக் கையில் எடுக்கவில்லை; உமாபதியே கழற்றட்டும் என்று தள்ளி நின்றாள். கரி அப்பிய குழாயை அவர் ஜரிகைத் தராசில் வைத்தார். இருநூற்று நாற்பத்தொன்று. காகிதத்தை விரித்து, உடைந்த ஹேக்ஸா பிளேடால் முக்கால் மணி நேரம் சுரண்டினார். வேட்டியெல்லாம் கறுப்பு. மறுபடி தராசில் வைத்தார். இருநூற்று இருபத்தாறு.

தராசை அணைத்துப் போட்டு இன்னொரு முறை பார்த்தார். அதே இருபத்தாறு. காகிதத்தில் இருந்த கரியையும் நிறுத்தார். பதினைந்து. அவருடைய குழாய் இருநூற்று இருபத்துநாலு. கரி போனால் இந்த மாடல் குழாயின் சொந்த எடை அவ்வளவுதான்.

ஆஷிஃபா சுவரில் சாய்ந்துகொண்டாள். அண்ணன் குழாயை மாற்றவில்லை. அவனைச் சந்தேகப்பட்டதை நினைத்ததும் முகம் சுட்டது.

உமாபதி விடவில்லை. "அவனுக்குப் பதினஞ்சு. எனக்கு மட்டும் ஏன் முப்பத்தெட்டு?"

"ஆயில் எவ்ளோ ஊத்துவீங்க அங்கிள்?"

"ஆயில் டேங்க்ல ஊத்தறது போக, பெட்ரோல்லயும் ரெண்டு மூடி. பாட்டில்ல வர்றது சுத்தம்னு எப்படி நம்பறது? கலப்படம் பண்ணியிருந்தா இஞ்சின் போயிடுமே."

"அந்த ரெண்டு மூடிதான் கரியாகிப் புகையா வருது. இழுவை போனதும் அதாலதான். கரி போனதாலதான் சத்தமும் மாறுச்சு."

வசந்த் வாயைப் பொத்திக்கொண்டான். "அப்போ திருடன் நீங்கதானா அண்ணே?"

உமாபதி அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான். மன்னிப்பு என்று எதுவும் வரவில்லை. காகிதத்தை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டுத் தராசைத் துடைக்கப் போய்விட்டார்.

அண்ணன் போனில் பேசியது ஒரு பழைய ஹெட்லைட்டைப் பற்றி என்று பிறகு தெரிந்தது. அதைத் தெரிந்துகொள்ள அவள் கேட்கவேண்டியிருந்தது ஒரே ஒரு கேள்விதான்.

ஆறு மாதம் கழித்து வண்டி மறுபடி சர்வீஸுக்கு வந்தது. இந்த முறை புகை குறைவு. ஜுனைத் பாயின்ட் இடைவெளியைச் சரிபார்த்து, கார்புரேட்டரின் காற்றுத் திருகை முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். இஞ்சின் ஏறி இறங்கும் சத்தத்தில் பக்கத்தில் பேசினால்கூடக் கேட்காது. உமாபதி மேசைக்கு வந்து குனிந்தார்.

"குழாய் எடையைச் சீட்டுல எழுதிக் குடும்மா. முன்ன ஒண்ணு, பின்ன ஒண்ணு."

"எழுதறேன் அங்கிள். அண்ணன் வந்து கையெழுத்துப் போடும்."

"அவரு வேணாம். அன்னிக்கு நான் அவ்ளோ சொல்லியும், எங்க அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லைன்னு உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரல. வேற வண்டி வேணும்னுதான் கேட்ட. அதனால கையெழுத்து நீயே போடு."