மினுக்கு விளக்கு போட்ட சர்டிபிகேட்

கிள்ளானில் என் தங்கை வீட்டுக் கூடத்துச் சுவரில், முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவில் ஒரு சர்டிபிகேட் தொங்குகிறது. சுற்றிலும் சிவப்பும் பச்சையுமாகச் சின்ன பல்புகள் பதித்த ஃபிரேம். சாமி படத்துக்குப் போடுகிற அதே ஃபிரேம்தான். வெள்ளிக்கிழமைகளில் தங்கை முருகனுக்குச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டு, அதே விரலால் அந்தக் கண்ணாடியின் மூலையிலும் ஒன்று வைப்பாள். புதிதாக வருகிறவர்கள் கிட்டே போய் உற்றுப் பார்த்துவிட்டு, "இது எந்தக் கோயில் படம்க்கா?" என்று கேட்டதுண்டு. அதைக் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனி, இந்தத் தாள் இனிமேல் செல்லாது என்று சொல்லிப் பல வருடமாகிவிட்டது. பல்புகளுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை. ப்ளக்கைச் செருகினால் போதும், ஓட ஆரம்பித்துவிடும்.

சர்டிபிகேட் என் தங்கை புருஷனுடையது. எனக்கு மாப்பிள்ளை. போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்குக் கம்பெனியில் கணக்கு எழுதுகிற கிராணியாகச் சேர்ந்தவர். ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் அதைத் துணி போட்டு மூடி வைத்தார்கள், இவர் துணியை விலக்கிப் பார்த்தார். அவ்வளவுதான் வித்தியாசம். பிறகு சனி ஞாயிறுகளில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனார். ஒவ்வொரு பேப்பராக எழுதி, எல்லாம் முடித்த பிறகு அந்த வெளிநாட்டு மென்பொருள் கம்பெனியிடமிருந்து வந்தது அந்தப் பட்டம். அட்டை உறையில் சர்டிபிகேட்டும், சட்டையில் குத்திக்கொள்ள விரல் நகம் அளவுக்கு ஒரு பின்னும் வந்தன. பாசாருக்குக் கெம்போங் மீன் வாங்கப் போனாலும் அந்தப் பின் அவர் சட்டையில் இருக்கும். "மாப்ள, மீன்காரி பின்னைப் பார்த்து வெலையைக் கொறைச்சாளா?" என்று கேட்பேன். "ஏத்திட்டா மச்சான்" என்பார்.

ஃபிரேம் என் கைவரிசை. பிரிக்ஃபீல்ட்ஸில் சாமி படம் செய்கிற கடைக்குச் சர்டிபிகேட்டைச் சுருட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் தலையைத் தூக்காமலே, "எந்தச் சாமிண்ணே?" என்றார். "எங்க மாப்பிள்ளைதான்." "லைட்டு போடவா?" "போடுங்கலா, நல்லா மினுக்கட்டும்." வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டி ப்ளக்கைச் செருகியதும் மாப்பிள்ளை முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "மச்சான், கம்ப்யூட்டர் சர்டிபிகேட்டை இப்படிக் காவடி மாதிரி ஆக்கிட்டீங்களே!" ஆனால் அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் நான் கிளம்பும்போது, கூடத்து டியூப் லைட்டை அணைத்துவிட்டு, கைலியோடு நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பும் பச்சையும் அவர் மூக்குக்கண்ணாடியில் மாறி மாறி ஓடின.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சீக்கிரம் முடிந்துவிடும். நான் தமிழ்ப் பள்ளிக்கு ஆறாவது வரை போனவன். போனவன் என்றுதான் சொல்லலாம். படித்தவன் என்றால் அந்த வாத்தியார்கள் எங்கிருந்தாலும் எழுந்து வந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு லோரிதான். ஆங்கில எழுத்தெல்லாம் கண்டெய்னர் மேல் பெயிண்ட் அடித்திருப்பதைப் பார்த்துப் பார்த்து வந்த படிப்பு. அதனால் பெரிய எழுத்தில், ஆள் உயரத்துக்கு எழுதினால் படிப்பேன். புத்தகத்தில் பொடியாகப் போட்டால் கொஞ்சம் திணறுவேன்.

ரிங்கிட் விழுந்து, ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த வருடம் அது. அந்த நேரம் பார்த்து அந்த வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து மாப்பிள்ளைக்குக் கடிதம் வந்தது. அவர்களுடைய மென்பொருளில் புதிய பதிப்பு வந்துவிட்டதாம். பழைய பதிப்புக்குக் கொடுத்த பட்டத்துக்கு அக்டோபர் கடைசியோடு ஓய்வு கொடுக்கிறார்களாம். அதற்குள் மேம்பாட்டுப் பரீட்சை ஒன்றை எழுதித் தேறினால் பட்டம் புதுப் பட்டமாக மாறும். இல்லையென்றால் முதல் பேப்பரிலிருந்து திரும்ப வர வேண்டும். எனக்கு அது புரியவே இல்லை.

"பாஸ் பண்ணினது பண்ணினதுதானே மாப்ள? கல்யாணம் ஆனவனைப் புடிச்சு, மறுபடியும் தாலி கட்டிக் காட்டுன்னு சொல்ற மாதிரில இருக்கு."

"அவங்க கணக்குல பொண்ணு புதுசா வந்திருக்கு மச்சான்."

"வரச் சொல்லுங்க, பாப்போம்!" என்று சமையலறையிலிருந்து தங்கையின் குரல்.

நான் என் லைசன்ஸை எடுத்துக் காட்டினேன். "இதைப் பாருங்க. போஸ்ட் ஆபீஸ்ல கட்டினா புதுப்பிச்சுக் குடுத்துடுறான். புது மாடல் லோரி வந்திருச்சு, ரிவர்ஸ் எடுத்துக் காட்டுன்னு எவனாச்சும் கேட்டானா?"

"உங்க லோரியில ஸ்டியரிங் இருந்த எடத்துலயே இருக்கு மச்சான். எனக்கு அதைக் கழட்டி வேற பக்கம் வெச்சுக்கிட்டே இருக்கான்."

சிரித்தோம். கடைசியாக மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அடுத்த வாரமே அவருடைய கிடங்கை ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. கம்ப்யூட்டர் பிரிவில் செல்லுபடியாகும் பட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம், மற்றவர்கள் வருட முடிவோடு போகலாம் என்று வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். நாற்பதைத் தாண்டிய ஆளுக்கு அந்த வருடத்தில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? ஆட்கள் வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்த காலம். எங்கள் லோரி யார்டுக்கே பேங்கில் இருந்தவர்கள் வந்து வேலை கேட்டார்கள்.

படிப்பதிலும் ஒரு சங்கடம். ஆபீசில் ஓடுவது பழைய பதிப்பு, பரீட்சை புதியதில். தொட்டுப் பார்க்கக்கூட இடமில்லை. பழைய கம்ப்யூட்டர் இரண்டை வாங்கி, மேல் மூடியைக் கழற்றி, சாப்பாட்டு மேசையில் வைத்து வயரால் இணைத்தார். அன்றிலிருந்து எங்களுக்குத் தரையில்தான் சாப்பாடு. ரசம் ஊற்றும்போது மேசைப் பக்கம் முதுகைக் காட்டித்தான் ஊற்ற வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். புத்தகம் ஒன்று இருந்தது, தலைக்கு வைத்துப் படுத்தால் கழுத்து சுளுக்கும். அதை வரிவரியாக மனப்பாடம் செய்தார். குளியலறையிலிருந்து ஆங்கிலத்தில் ஏதேதோ கேட்கும். தங்கை கதவைத் தட்டி, "யாருகிட்டங்க பேசுறீங்க?" என்பாள். முகம் சவரம் பார்க்காமல், கண் உள்ளே போய், மனிதர் பாதியாகிவிட்டார்.

வகுப்புத் தோழர்கள் அவருக்கு ஒரு நல்ல வழி சொன்னார்கள். சீக்கிரமே ஒருமுறை போய் எழுது, தோற்றாலும் கேள்வி எப்படி வருகிறது என்று தெரியும், திரும்ப எழுத நாள் இருக்கிறது என்றார்கள். மாப்பிள்ளை கேட்கவில்லை. கட்டணம் டாலரில், ரிங்கிட் விழுந்ததில் அது எங்கோ ஏறிப்போயிருந்தது. "தோத்துப் பாக்கறதுக்கு அவ்வளவு காசு எங்க மச்சான்?" என்றார். ஆனால் உண்மையான காரணம் அதுவல்ல. அவர் எழுதிய முதல் பேப்பர் தற்செயலாக விஜயதசமியன்று அமைந்தது, தேறினார். அந்த வருட விஜயதசமி, அந்தக் கெடுவுக்குச் சில நாள் முன்னால்தான் வந்தது. அந்த நாளுக்கே இடம் பதிந்துவிட்டார். தன் கல்யாணத்தில் ஐயர் நல்ல நேரம் பார்த்தபோது, "என் கடிகாரத்துல எல்லா நேரமும் நல்ல நேரம்தான்" என்று கிண்டல் செய்த மனிதர் இவர். பயம் வந்தால் படிப்பு கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

விஜயதசமிக்கு முதல் நாள் சரஸ்வதி பூஜை. அன்றைக்குப் புத்தகத்தைப் படையலில் வைப்போம், மறுநாள் எடுக்கும் வரை படிக்கக் கூடாது. இது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். தங்கை அந்தத் தடிப் புத்தகத்துக்குச் சந்தனம் தெளித்துப் படையலில் வைத்தாள். கீபோர்டையும் வைத்தாள். சர்டிபிகேட்டைச் சுவரிலிருந்து இறக்கி நடுவில் நிறுத்தி, பல்பையும் எரியவிட்டாள். நான் போனபோது மாப்பிள்ளை படையலுக்கு எதிரே சம்மணம் போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, புத்தகத்தின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சைக்கு முதல் நாள், ஒரு பகல் முழுதும் அப்படி.

"ஒரே ஒரு அத்தியாயம், எடுத்துப் பாத்துட்டு வெச்சிரட்டுமா?" என்று தங்கையைக் கேட்டார்.

"நல்ல நாள் வேணும்னு கேட்டது நீங்கதாங்க. இப்ப சாமிகிட்டருந்து புடுங்குறேங்கிறீங்க" என்றாள். அவளுக்கும் அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

நான் ஒரு யோசனை சொன்னேன். "மாப்ள, நான் எடுத்துப் பிரிச்சுப் புடிக்கிறேன். நீங்க தூரமா ஒக்காந்து பாருங்க. நான் எடுத்தா படிச்சதா ஆகாது. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு சரஸ்வதிக்கே தெரியும்."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "வேணாம் மச்சான். இதுவும் போயிருச்சுன்னா அப்புறம் நான் எதைப் புடிச்சுக்கிறது?"

மறுநாள் காலையில் அவர் கார்ச் சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடினார். நான் கண்டெய்னரைக் கழற்றிவிட்டு, லோரித் தலையில் மட்டும் ஏற்றிக்கொண்டு போனேன். முதல் நாள் ஆயுத பூஜை போட்ட லோரி; முன்னால் இரண்டு வாழைக்கன்று, கண்ணாடி முழுதும் சந்தனம், நடுவில் மாலை. கல்யாண மாப்பிள்ளையை அழைத்துப் போகிற மாதிரி கூட்டரசு நெடுஞ்சாலையில் போனோம். அவர் மடியில் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார், ஆனால் சுபாங் ஜெயா வரைக்கும் ஒரு பக்கம் திருப்பவில்லை. பரீட்சைக் கட்டடத்து வாசலில் காவலாளி ஓடிவந்தார்.

"அண்ணே, லோரிய இங்க வைக்க முடியாதுலா! இங்க பரீட்சை எழுதுறவங்க மட்டும்தான்."

"என்னையப் பாத்தா எழுதுற மாதிரி தெரியலையா?" என்றேன்.

"வாழைக்கன்னு கட்டிக்கிட்டு எந்த ஆளுண்ணே பரீட்சைக்கு வருவான்?"

மாப்பிள்ளை இறங்கினார். சட்டையில் பின் இருந்ததைப் பார்த்தேன். லோரியைத் தெருவோரம் விட்டுவிட்டு மாடிக்குப் போய்க் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே உட்கார்ந்தேன். அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. நேரம் போகப் போக அந்த முதுகு சின்னதாகிக்கொண்டே வந்தது. இந்தப் பரீட்சையில் முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம், கடைசிக் கேள்விக்கு அடுத்து திரையே சொல்லிவிடும். இரண்டு கோடு வரும். ஒன்று, வர வேண்டிய இடம். இன்னொன்று, வந்த இடம். அவர் எழுந்திருக்கவில்லை. பிரிண்டர் சத்தம் கேட்டது. தாளோடு வெளியே வந்து என்னிடம் நீட்டினார். படிக்கத் தெரியாதவனுக்கும் புரிகிற மாதிரிதான் போட்டிருந்தார்கள். வந்த கோடு வர வேண்டிய கோட்டை எட்டவில்லை. நடுவில் இருந்த இடைவெளி என் சுண்டு விரலை வைத்தால் மறைந்துவிடும்.

வரவேற்பு மேசையில் இருந்த சீனப் பெண்ணிடம், கெடுவுக்குள் இன்னொரு நாள் கொடுக்கும்படி கேட்டார். அவள் பதிவுப் புத்தகத்தைப் புரட்டினாள். "ஃபுல் லா, அங்கிள். எல்லாரும் கடைசி வாரம் பார்த்து வராங்க" என்று மலாயில் சொன்னாள். கோலாலம்பூருக்குப் போன் போட்டுக் கேட்டாள், அங்கேயும் இடமில்லை. நான் என் வேலையைக் காட்டினேன். மூலையில் ஒரு ஸ்டூல் போதும், கம்ப்யூட்டரை நான் தோளில் தூக்கி வைத்துக்கொள்கிறேன், லோரிக்காரன் தோள், தாங்கும் என்றேன். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கும் பாவமாக இருந்தது. மாப்பிள்ளை மேசையைப் பிடித்துக்கொண்டு, "ப்ளீஸ்" என்றார். திரும்பவும் சொன்னார். நான் அவர் தோளில் கை வைத்து நகர்த்த வேண்டியதாயிற்று. ஆட்களைச் சிரிக்க வைத்தே காலத்தை ஓட்டியவன் நான். அன்றைக்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

லோரியில் வரும்போது ஷா ஆலம் தாண்டித்தான் வாயைத் திறந்தார். "நேத்து வரைக்கும் தெரிஞ்சது நாளைக்கும் எனக்குத் தெரியும்தானே மச்சான்? அந்த மிஷின் நான் சொன்னா கேக்கும்தானே?"

"கேக்கும் மாப்ள."

"அப்ப எதுக்கு ரிட்டயர் பண்றாங்க? என்னையவா, அதையா?"

வாழைக்கன்றின் இலை காற்றில் கிழிந்துகொண்டே வந்தது.

அக்டோபர் முடிந்தது. ஒரு சத்தமும் இல்லை, வானம் இடியவில்லை. வருட முடிவில் அவரை அனுப்பினார்கள். முதல் பேப்பரிலிருந்து திரும்ப ஆரம்பித்தார். பாதி வழி போனபோது அந்தப் பதிப்புக்கும் ஓய்வு என்று இன்னொரு கடிதம் வந்தது. அன்றைக்கு மேசையிலிருந்து கம்ப்யூட்டர்களை இறக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். நாங்கள் மறுபடி மேசையில் சாப்பிட்டோம், யாருக்கும் ருசிக்கவில்லை. பிறகு எங்கள் யார்டிலேயே கண்டெய்னர் எண்ணுகிற வேலைக்கு வந்தார். வெயிலில் நின்று என் லோரிக்குக் கை காட்டி ரிவர்ஸ் எடுக்கச் சொல்வார். சட்டையில் பின் இல்லை. சர்டிபிகேட்டையும் ஒருமுறை சுவரிலிருந்து எடுத்து அலமாரிக்குப் பின்னால் வைத்தார். தங்கை எடுத்து மாட்டினாள். அவர் திரும்ப எடுக்கவில்லை, அந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை.

விஜயதசமியன்று படையலிலிருந்து புத்தகத்தை எடுத்து நாலு வரி படிக்க வேண்டும். அது முறை. மாப்பிள்ளை அந்தப் புத்தகத்தைத் தொட மறுத்துவிட்டார். தங்கை என் கையில் கொடுத்தாள். ஒவ்வொரு வருடமும் நான்தான் எழுத்தெழுத்தாக, கண்டெய்னர் நம்பர் படிக்கிற மாதிரி கத்திப் படிப்பேன். நான் வேண்டுமென்றே ஒரு வரியைத் தாண்டிப் படிப்பேன். அவர் வாசலில் பேப்பர் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருப்பார். "மச்சான், ஒரு வரிய விட்டுட்டீங்க" என்று குரல் வரும். அந்த வரியையும் புத்தகத்தைப் பாராமலே சொல்வார். சொல்லும்போது மட்டும் பழைய குரல்.

அவர் மாரடைப்பில் போய்ச் சில வருடமாகிவிட்டது. இந்த விஜயதசமிக்கும் தங்கை கூப்பிட்டாள், போனேன். சர்டிபிகேட்டைத் துடைத்து, பொட்டு வைத்து, ப்ளக்கைச் செருகியிருந்தாள். பாதி பல்பு போய்விட்டது. பச்சை மட்டும்தான் ஓடுகிறது. உலகத்தில் யாருக்கும் வேண்டாத அந்தப் புத்தகத்தைத் திறந்து, விரலை வைத்துப் படித்தேன். ஒரு வரியைத் தாண்டினேன். நிறுத்திவிட்டு வாசல் பக்கம் பார்த்தேன்.

தங்கையும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, அந்த வரியையும் படிச்சிருண்ணே" என்றாள். படித்தேன்.