தலை மட்டும், கோட்டு போடவும்

காலை ஏழு மணிக்குச் சூரமங்கலத்தில் வீட்டைப் பூட்டினேன். பூட்டுமுன் சுவரில் படமாக இருக்கும் மனைவி செல்வியிடம் சொல்லிக்கொண்டேன். அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பேச ஆளில்லாத வீட்டில் பழைய போட்டோ சேர்க்கும் பைத்தியம் என்னைப் பிடித்துக்கொண்டது. அதிலும் வினோதமான தந்தி வாத்தியத்தோடு இருக்கும் கிராமத்துப் பாட்டுக்காரர் படம் என்றால் விடமாட்டேன். பதினான்கு சேர்ந்துவிட்டன.

பதினைந்தாவது பையில் இருந்தது. செவ்வாய்ப்பேட்டைப் பழைய பேப்பர் கடையில், மூடிப்போன ஒரு ஸ்டுடியோவின் குப்பையிலிருந்து ஐம்பது ரூபாய்க்கு வாங்கியது. வேட்டி கட்டிய ஒருவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் சுரைக்குடுக்கை, அதில் செருகிய மூங்கில், மூன்று தந்திகள். மூன்றாவது தந்தியை இடது கால் கட்டைவிரலில் சுற்றி இழுத்துப் பிடித்திருக்கிறார். இப்படி ஒன்றை நான் எங்குமே பார்த்ததில்லை.

ஆனால் ஆளுக்குத் தலை இல்லை. கழுத்துக்கு மேல் பிளேடால் வெட்டி எடுத்திருந்தார்கள். பின்பக்கம் பென்சிலில், 'வெண்ணந்தூர் மாரப்பன். தலை மட்டும். கோட்டு போடவும்' என்று எழுதியிருந்தது. இறந்தவருக்குச் சுவர்ப்படம் வேண்டுமென்றால் அந்தக் கால ஸ்டுடியோக்காரர்கள் தலையை வெட்டி, கோட்டு, சட்டை போட்டதாக வரைந்த உடம்பின் மேல் ஒட்டி, மறுபடி படம் பிடிப்பார்கள். அந்த முகத்தை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன்.

ஏழே முக்காலுக்கு ராசிபுரம் பஸ், டிக்கெட் முப்பது ரூபாய். மூன்று பேர் சீட்டில் நான் ஒருவன்தான். வழியெல்லாம் மரவள்ளிக் காடு, ஜவ்வரிசி ஆலைகள். செல்வி இருந்தால் அந்தப் புளித்த வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைத் திட்டியிருப்பாள். திட்ட ஆளில்லாத பயணம் ரொம்ப நீளம்.

ராசிபுரத்தில் வண்டி மாறி, ஒன்பதரைக்கு வெண்ணந்தூர். டீக்கடையில் விசாரித்தேன்.

"மாரப்பனுங்களா? அவரு போயி அம்பது வருசமாச்சுங்க. மக பாப்பாத்தி இருக்குது. தண்ணித்தொட்டிக்குப் பக்கத்து ஊடு."

பாப்பாத்தி தறியை நிறுத்திவிட்டு வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சுவரில் கோட்டும் டையுமாக மாரப்பன். பாட்டின் நடுவில் பிடித்த படம் போல, வாய் பாதி திறந்திருந்தது. டைக்கு மேல் அந்த வாய், யாரையோ எதையோ கேட்பதுபோல் இருந்தது.

"எங்கப்பன் கோட்டு போட்ட ஆளில்லீங்க," என்று சிரித்தாள். "எனக்கு மூணு வயசுல போயிட்டாரு. இந்த மூஞ்சி மட்டுந்தானுங்க எனக்குத் தெரியும்."

படத்தை எடுத்துக் கொடுத்தேன். தலை இருந்த ஓட்டையை அவள் பார்க்கவேயில்லை. கால் கட்டைவிரல் மேல் தன் விரலை வைத்தாள்.

"அப்பன் கால் வெரல்ல மோதரமாட்டத் தழும்பு இருந்துச்சுன்னு அம்மா சொல்லும். கம்பி அறுத்ததாம். எந்தக் கம்பின்னு எனக்கு இன்னைக்குத்தானுங்க தெரியுது." விரலை எடுக்காமலே, "இத எங்கிட்டயே குடுத்துட்டுப் போவீங்களா சாமி?" என்றாள்.

கூச்சமில்லாமல் சொல்கிறேன், கொடுக்க மனசே வரவில்லை. அப்படி ஒரு வாத்தியம் இனி எனக்குக் கிடைக்காது. சுவரிலிருந்ததையும் இதையும் மொபைலில் படம் எடுத்துக்கொண்டு, "வைத்துக்கொள்ளம்மா" என்றேன்.

சுவர்ப்படத்தின் சட்டத்துக்கு அடியில் அதைச் செருகினாள். கோட்டு போட்ட முகத்துக்குக் கீழே வெற்றுடம்பு, குடுக்கை, தந்தியை மீட்டும் விரல்கள்.

"அப்பன் கை இப்பிடித்தான் இருக்குமாட்ட இருக்குது," என்றாள். என்னை மறந்துவிட்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

மூன்று மணிக்கு வீட்டைத் திறந்தேன். சுவரில் செல்வி நீலப் புடவையில் தனியாக இருந்தாள். ஏற்காட்டில் இருவருமாக எடுத்த படம் அது. பெரிதாக்கும்போது ஸ்டுடியோக்காரர், "தோள் மேல கை தெரியுது சார், எடுத்துரட்டுங்களா?" என்று கேட்டார். எடுத்துவிடச் சொன்னது நான்தான். கை இருந்த இடத்தில் புடவையைச் சீராக நிரப்பியிருந்தார். அது யார் கை என்று தேடி வர எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை.

பீரோவிலிருந்து அசல் படத்தை எடுத்துக்கொண்டு ஜங்ஷன் பக்கத்து அதே ஸ்டுடியோவுக்குப் போனேன்.

"அம்மா படந்தான் போட்டாச்சே சார்?"

"இன்னொண்ணு போடுப்பா. இந்தத் தடவை கை இருக்கட்டும்."