கூட்டமில்லாத கடற்கரையில் ஒரு லாட்ஜ்காரம்மா

ஒரு லாட்ஜ் நிறைய மெத்தை தைத்துப் போட்ட கூலி எனக்கு வரவேண்டியிருந்தது. தரவேண்டியவர் கடற்கரை லாட்ஜ்காரம்மா. இன்றைக்கு எனக்கு மூன்று கடை. அன்றைக்கு இருந்தது ஒரு கோணி ஊசி, பஞ்சடிக்க ஒரு கம்பு, தவணையில் எடுத்த தையல் மிஷின், அவ்வளவுதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் என் மெத்தையில் படுத்தவன் எழுந்திருக்க மனசில்லாமல்தான் எழுந்திருப்பான்.

லாட்ஜ்காரம்மாவும் என்னைப் போலத்தான். அறை பெருக்க வந்து, அறைகளுக்கே சொந்தக்காரி ஆனவர். சீசன் இல்லாத மாதங்களில் தினம் ஓர் அறையில் படுப்பார். ஆள் படுக்காத மெத்தையில் உப்புக்காற்று ஏறி நாறிவிடுமாம். காலையில் எல்லா அறையிலும் குழாயைத் திறந்துவிட்டு, ஜன்னல் கம்பியில் பூத்த உப்பைத் துடைப்பார்.

அந்த ஊரில் பெயிண்டருக்கும் தச்சனுக்கும் எனக்கும் வேலை கிடைப்பது கூட்டம் இல்லாதபோதுதான். கூலியோ, கூட்டம் வந்து போன பிறகு. எல்லாம் வாய்ச்சொல். அந்த வருஷம் சீசன் தொடங்கிய வாரமே வெள்ளம் வந்து, ஊருக்கு வரும் பாலத்தை அடித்துக்கொண்டு போனது. பாலம் எழும்புவதற்குள் சீசன் முடிந்துவிட்டது.

தவணைக்காரன் மிஷினைத் தூக்க வாசலுக்கே வந்துவிட்டான். "போய்க் கேளுங்க. உங்களுக்குக் கேக்க வாய் வராது, நானும் வரேன்" என்றாள் என் வீட்டுக்காரி. எனக்கா வாய் வராது! இருந்தாலும் இரண்டு பேருமாகப் பஸ் ஏறினோம்.

கடற்கரைத் தெருவில் நடு ரோட்டில் நாய் படுத்திருந்தது. ஹாரன் அடிக்க ஒரு வண்டி இல்லை. ராட்டினத்துக் குதிரைகளைத் தார்ப்பாயில் சுற்றிக் கட்டியிருந்தார்கள். லாட்ஜுக்குள் பழைய இரும்புக்காரர் ஒருவர் கட்டில் கால்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மெத்தைக்காரரே. உங்க கூலியைக் குடுக்கத்தான் இந்த வியாபாரம்" என்றார் லாட்ஜ்காரம்மா. அவர் முகம் செத்துக் கிடந்தது.

"கட்டிலை வித்துட்டு என் மெத்தையைத் தரையிலயா போடுவீங்க அக்கா?"

"கட்டில் போனா லாட்ஜும் போச்சு, தெரியும். வாங்கின வேலைக்குக் கூலி குடுக்காதவள்னு பேரு வாங்கச் சொல்றீங்களா?"

கேட்க வந்தவள் பேசட்டுமே என்று திரும்பிப் பார்த்தால் வீட்டுக்காரியைக் காணோம். மாடியில் ஜன்னலைத் திறந்து போட்டு, நான் தைத்த மெத்தையில் தூங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து பகலில் கண் மூடாதவள். சாயங்காலம் கீழே வந்து, "அலைச் சத்தத்தைத் தவிர ஒரு சத்தம் இல்லீங்க. இதுக்கே காசு குடுக்கலாம்" என்றாள்.

அவள் சும்மா சொன்னாள். வியாபாரமாக்கியது நான்.

"அக்கா, பாதி வாடகைக்கு விடுங்க. ஆள் நான் அனுப்புறேன்."

"கூட்டமே இல்லாத ஊருக்கு எவன் வருவான்?"

"கூட்டம் பிடிக்காதவன் வருவான். கடல் வத்துனா கருவாடு தின்னலாம்னு காத்திருந்த கொக்கு மாதிரி, நீங்க சீசனுக்கே காத்துக்கிட்டிருங்க!"

"என்னையா கொக்குங்கிறீங்க?"

"நீங்களும் ஒத்தைக் கால்லதானே நிக்கிறீங்க?"

சிரித்துவிட்டார். இரும்புக்காரருக்குத்தான் கோபம். "நாளைக்கு இந்த விலை கிடைக்காதும்மா" என்றார்.

"நாளைக்கு நான் விக்கலை" என்று வாசலைக் காட்டினார் லாட்ஜ்காரம்மா.

கடைசி பஸ் போய்விட்டதால் அன்று இரவு அங்கேயே தங்கினோம். ஊர் திரும்பியதும் தவணைக்காரனிடம் என் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்து மிஷினைத் தக்கவைத்துக்கொண்டேன். மெத்தை வாங்க வந்தவர்களிடமெல்லாம் அந்தக் கடலைப் பற்றிப் பேசினேன். முதலில் போனவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மனைவியோடு வராந்தாவில் உட்கார்ந்து, ஹாரன் இல்லாத ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாராம். கிளம்பும்போது அடுத்த மாதத்துக்கும் அறை சொல்லிவிட்டு வந்தார். பிறகு புதுசாகக் கல்யாணமான ஜோடிகள். அவர்களுக்கு ரோட்டைப் பார்க்கவும் நேரமில்லை. மழைக்காலம் முடிவதற்குள் லாட்ஜ்காரம்மாவுக்குத் தான் படுக்க ஓர் அறை மிஞ்சவில்லை. கூடத்தில் பாய் விரித்தார்.

அந்த ஊருக்கு இன்றைக்கு எந்த மாதமும் ஆள் வருகிறது என்றால், ஆரம்பித்து வைத்தவன் நான்தான். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அடுத்த சீசன் தொடங்குமுன் லாட்ஜ்காரம்மா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். வீட்டுக்காரியோடு போனேன். "கையை நீட்டுங்க மெத்தைக்காரரே" என்று நோட்டுக்கட்டை எடுத்தவர், அதிலிருந்து ஒன்றை உருவி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"என்னக்கா, குறையுதே?"

"அன்னிக்கு ரெண்டு பேரும் தங்கினீங்கல்ல? ரூம் வாடகை. உங்க பாதி விலைதான் போட்டிருக்கேன்."

வீட்டுக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விலை வைத்தவன் நானாயிற்றே. விரித்த கையை மடக்காமல் நின்றேன். மீதியை ஒவ்வொரு நோட்டாக வைத்து, சத்தமாக எண்ணிக் கொடுத்து முடித்தார்.