பன்னிரண்டு பாகைச் சரிவில் ஒரு கிணறு

அந்தக் கடற்கரையில் என்னை வெறுக்காத ஒரே சீவன் ஒரு காகம். அதுவும் நான் துடைத்து முடித்த சோலர் தகட்டின் மேல்தான் தன் அன்பைத் தெரிவித்துவிட்டுப் போகும்.

மன்னார்த் தீவின் தென்கரையில், ஒரு மீனவக் கிராமத்தின் ஓரத்தில், ஒரு நிறுவனம் இரும்புக் குழாய்களை இறக்கி அடுக்கியிருந்தது. ஊரில் யாரையும் கேட்கவில்லை, யாருக்கும் சொல்லவுமில்லை. குழாய்கள் களவு போகாமலிருக்க ஒரு கமராப் பெட்டியைக் கொண்டுவந்து விட்டார்கள். உருட்டிப்போக இரண்டு சில்லு, மணலில் ஊன்ற நாலு கால், ஒரு குட்டைக் கம்பம், அதன் உச்சியில் கமரா, முன்னால் இரண்டு சோலர் தகடுகள், வயிற்றுக்குள் பற்றரி. கமரா தலை திருப்பாது. பெட்டி எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கம்தான் பார்வை. அங்கே மின்கம்பி இல்லை, வெயில்தான் சாப்பாடு. அதை ஊட்டிவிடும் ஆயா நான். நானாட்டானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, தகடுகளின் சரிவை மாற்றி, உப்பையும் காகத்தின் அன்பையும் துடைத்துவிட்டுப் போவது என் உத்தியோகம்.

குழாய்களுக்கு இடப்பக்கமாக ஊரின் நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது. கருவாட்டு வேலை முடிந்து பின்னேரத்தில் பெண்கள் குளிப்பது அங்கேதான். முதல்நாளே என்னை மறித்தவர் கிணற்றுக்கு அடுத்த வளவுக்காரி. ஐம்பது வயதிருக்கும். மீன் வெட்டும் கத்தியைக் கீழே வைக்காமலே கதைப்பார்.

"உந்தக் கண் எங்கட கிணத்தடியைப் பாக்குதோ?"

"இல்லை அக்கா. அந்தக் கேமரா குழாயை மட்டுந்தான் பாக்கும்."

"கேமராவோ? நீ இந்தியாவோ?"

என் தாய் தகப்பன் இந்த மாவட்டத்துக்காரர்தான். ஆனால் நான் வளர்ந்தது தமிழ்நாட்டு அகதி முகாமில். அங்கே இருந்தவரை எங்களைச் சிலோன்காரன் என்றார்கள். இங்கே திரும்பிய அன்றே இந்தியாக்காரன் ஆகிவிட்டேன். கடலில் எந்த இடத்தில் மாறினேன் என்று எனக்குத் தெரியாது. வந்த பிறகு கஷ்டப்பட்டுப் பேச்சைத் திருத்திக்கொண்டேன். 'ஆமா'வை 'ஓம்' ஆக்கினேன். வறுத்த கடலையைக் 'கச்சான்' என்று கேட்டு வாங்கப் பழகினேன். பயம் வந்தால் மட்டும் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

"கோயிலைப் பாத்துச் சொல்லு," என்றார் அவர்.

நான் கோயில் கோபுரத்தைப் பார்த்துச் சத்தியம் செய்தேன். கமராவின் படத்தை என் போனிலேயே பார்க்கலாம். நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பற்றரியின் அளவைப் பார்ப்பேன், போனைச் சட்டைப் பைக்குள் வைப்பேன். சத்தியம் செய்வதற்கு இவ்வளவு அறிவு போதுமென்று நினைத்தேன்.

ஊர் என்னை நம்பவில்லை. கடையில் கேத்தில் கொதித்துக்கொண்டிருக்கும்போதே தேத்தண்ணி முடிஞ்சுது என்றார்கள். மோட்டார் சைக்கிளின் காற்று இரண்டு தடவை தானாக இறங்கியது. நான் தகட்டைத் துடைக்கும்போது வலை பொத்துகிறவர்கள், எனக்குக் கேட்கும் அளவுக்கு மெதுவாக, "நல்லா மினுக்கு, மாப்பிளை முகம் பாக்க" என்பார்கள்.

இதற்கிடையில் பற்றரி விடியும் முன்பே செத்துக்கொண்டிருந்தது. நிறுவனத்தின் கொழும்புக் கந்தோர்க்காரர் ஒவ்வொரு காலையும் போனில் கூப்பிட்டார்.

"மன்னார்ல வெயில் இல்லையா? இன்னொரு தடவை கமரா நின்னா வேற ஆளைப் பார்ப்போம், சரியா?"

பெட்டியோடு வந்த புத்தகம் தகடுகளைத் தெற்கே பார்த்து நன்றாக நிமிர்த்தச் சொன்னது. அப்படியே நிமிர்த்தியிருந்தேன். ஒரு நடுப்பகல், தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது என் நிழலைக் கண்டேன். அது தெற்கே விழுந்திருந்தது. ஆடி மாதத்தில் எங்கள் உச்சிச்சூரியன் வடக்கே நிற்கிறது. புத்தகத்தை எழுதியவர் பனி கொட்டும் தேசத்துக்காரராக இருக்கவேண்டும். அவருடைய சூரியனுக்கு நான் மூன்று வாரமாகச் சேவகம் செய்திருக்கிறேன். ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விசயத்தைக் கண்டுபிடித்த பெருமையோடு தகடுகளைப் படுத்தி, வடக்கே பன்னிரண்டு பாகை சரித்தேன்.

அடுத்தநாள் மத்தியானம் கந்தோர்க்காரர் கூப்பிட்டார். குரலில் தேன்.

"சூப்பர் வேலை. பற்றரி ஃபுல். படமும் முந்தி மாதிரி இல்ல, இடது பக்கத்தை மறைச்சிட்டு நின்ன சாமான் போயிட்டுது. கிணத்தடி எல்லாம் கிளியரா தெரியுது."

நான் முதல் தடவையாகப் படத்தைத் திறந்தேன். கிணறு இருந்தது. தண்ணீர் இறைக்கும் துலா இருந்தது. கல்லின் மேல் யாரோ மறந்துவிட்ட சவர்க்காரப் பெட்டிகூட இருந்தது. நிமிர்ந்து நின்ற இடப்பக்கத் தகடுதான் அத்தனை நாளும் என் பொய்யை மெய்யாக்கி வைத்திருக்கிறது. நான் அதைப் படுத்திவிட்டேன். முந்தின நாள் பின்னேரம் குளித்தவர்கள் இந்தப் படத்துக்குள்தான் குளித்திருக்கிறார்கள்.

மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பின்னேரமாகிவிட்டது. பெண்கள் வாளிகளோடு வரத் தொடங்கியிருந்தார்கள். பற்றரி செத்தால் சாகட்டும் என்று தகடுகளை மறுபடி நிமிர்த்தினேன். பெட்டியைக் கொஞ்சம் அசைக்கலாமென்று ஊன்றுகால்களில் முன்னிரண்டையும் தூக்கிவிட்டேன். அப்போது அந்த அக்காவின் புருசன் வலையைத் தோளில் போட்டபடி போனார். போகிற போக்கில் சொன்னார்:

"கச்சான் வருது. உதைச் சரிச்சுப் போட்டுப் போ."

மூன்று வாரத்தில் அந்த ஊரில் ஒருவர் எனக்குத் தின்னத் தருவதைப்பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. நெஞ்சு நெகிழ்ந்துபோனது.

"வேண்டாம் அண்ணை," என்றேன். "எனக்குப் பல்லுக்கொதி. கடிக்கேலாது."

அவர் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "காத்தை ஆரடா கடிக்கச் சொன்னது?" என்றார்.

மேல்காற்றுக்கும் இங்கே கச்சான் என்றுதான் பெயர். அதை எனக்குக் காற்றே நேரில் வந்து சொல்லித்தந்தது. நிமிர்ந்த தகடுகள் பாய் விரித்தது போல் காற்றை வாங்கின. ஊன்றுகால் இல்லாத பெட்டியின் மூக்கு மணலைக் கிழித்துக்கொண்டு கிழக்கே திரும்பியது. இடப்பக்கத் தகடு கொளுவியை முறித்துக்கொண்டு மடங்கியது. எல்லாம் அடங்கியபோது கமரா கிணற்றை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றது. குளிக்கக் குறுக்குக்கட்டோடு நின்ற பெண்கள் கமராவைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

அக்கா வந்தார். ஈரச் சீலை ஒன்றைக் கமராவின் மேல் எறிந்தார். கத்தியில்லாத கையை நீட்டினார்.

"போனைக் காட்டு."

கொடுத்தேன். திரை கறுப்பாக இருந்தது. விரலால் பின்னுக்குத் தள்ளினார். எப்படித் தெரிந்ததோ, முந்தின நாள் பின்னேரத்துக்குப் போய்விட்டார். நெடுநேரம் பார்த்தார்.

"இது என்ர மகள்."

"ஆமாங்க," என்றேன். மூன்று வருடப் பயிற்சி ஒரு மூச்சில் போனது. "நான் பாக்கல. பாக்காமத்தான் சத்தியம் பண்ணினேன்."

"அதுதான் கேக்கிறன். பாக்காமல் என்னெண்டு சத்தியம் பண்ணினனி?"

முந்தின நாள் பின்னேரத்துப் பதிவை அவர் முன்னாலேயே அழித்தேன். கொழும்பில் இருக்கும் பிரதியை என்னால் அழிக்கமுடியாது என்பதையும் சொன்னேன்.

போன் அவர் கையிலேயே அடித்தது. கந்தோர்க்காரர். அக்கா அதை என் காதில் அழுத்திப் பிடித்தார்.

"படம் கறுப்பா இருக்கே?"

"பெட்டியை மேற்கால திருப்பப் போறன், சேர். கிணறு தெரியக்கூடாது. நேற்றையான் படத்தையும் அழியுங்கோ."

"திருப்பினா பாதிக் குழாய் படத்துல விழாதே."

"விழாது."

"அப்ப உங்களுக்கு வேலையும் இருக்காது."

"படத்தை அழிச்சுப்போட்டு என்னை நிப்பாட்டுங்கோ, சேர்."

தகடுகளைப் படுத்தினேன். சீலையை எடுத்தேன். பெட்டியின் மூக்கில் தோளைக் கொடுத்துக் காற்றுக்கு எதிராகத் தள்ளினேன். ஊர் கைகட்டி நின்றது. ஒருவரும் ஒரு விரல் தரவில்லை. நானும் கேட்கவில்லை. அக்கா போனைப் பார்த்துக்கொண்டு, "தெரியுது," என்றார். தள்ளினேன். "துலா தெரியுது." தள்ளினேன். "வாளி தெரியுது." கால் சறுக்கி, பெட்டிக்கு முன்னால் முகம் குப்புற மணலில் விழுந்தேன்.

"கிணறு மறைஞ்சு போட்டுது," என்றார் அவர். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "இப்ப ஒரு ஆம்பிளை விழுந்து கிடக்கிறது தெரியுது."

எழும்பப் பார்த்தேன்.

"அது கிடக்கட்டும்," என்று சொல்லி, போனை என் முதுகில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார்.